கஞ்சி வைக்கும் நேரம்

காஜா பேராங், மலாக்கா
4.7.1957

தம்பிராஜாவுக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பித்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பொய் எதற்கு? உன் நாய் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாளும் யாரும் தூங்கவில்லை.

நீ செய்து கொடுத்த பலகைப் பெட்டியில்தான் போடுகிறேன். சமையல்கட்டுக்குப் பின்னால், மழை படாத இடத்தில் பெட்டி இருக்கிறது. சாக்கு விரித்து, கஞ்சி வைத்து, கதவுக்குக் கொக்கி மாட்டிவிட்டு வருகிறேன். வந்து தலையணையில் தலை வைப்பதற்குள் தொடங்கிவிடும். குரைத்தாலாவது அதட்டலாம். பச்சைப் பிள்ளை சிணுங்குவது போல ஒரு சத்தம், நடுநடுவே பலகையைப் பிறாண்டும் சத்தம். விடிந்ததும் போய்ப் பார்த்தால் சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். அதன் மேலேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். தினமும் சாக்கை அலசி வேலியில் போடுகிறேன். தெருவில் போகிறவர்கள், "கைப்பிள்ளை இருக்கா வீட்டுல?" என்று கேட்கிறார்கள். பதினாலு வருஷமாகக் கேட்டு அலுத்துப் போய் நிறுத்தியிருந்தார்கள். இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள்.

கோப்பி என்று யாராவது நாய்க்குப் பெயர் வைப்பார்களா? காலையில் உன் அத்தான், "பூங்கா, கோப்பி கொண்டா" என்றால் பெட்டிக்குள் அது எழுந்து நின்று வாலை ஆட்டுகிறது.

அத்தானுக்குக் கஸ்டம்ஸில் கணக்கு எழுதும் கிராணி வேலை. ஏழு மணிக்கு சைக்கிளை எடுத்தாக வேண்டும். நேற்று ஆபீஸ் மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாராம். வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாமல் சொன்னால்தான் எனக்குப் பயம். "தீபாவளி வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் ஈரமா இருந்துச்சுன்னா, நாய் பிடிக்கிற லோரிக்கு நானே சொல்லி விட்டுருவேன்" என்றார். அந்த லோரியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது நீ சொல். இந்த வியாதி அதற்கு முன்பே இருந்ததா? தெரிந்துதான் என் தலையில் கட்டிவிட்டு, மாற்றல் வந்துவிட்டது என்று பஸ் ஏறினாயா? யார் வீட்டு நாய் இது?

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உன் அக்கா
பூங்காவனம்


தபால் இலாகா விடுதி, கோத்தா பாரு
11.7.1957

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததும் சோறு இறங்கவில்லை.

புக்கிட் பாருவில் நான் வாடகைக்கு இருந்த அறையில் கோப்பி ஒன்றரை வருஷம் இருந்தது. ஒரு நாள்கூடப் படுக்கையை நனைத்ததில்லை. இரவில் அழுததும் இல்லை. பெட்டி என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும், தானே போய்ப் படுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நாய் அங்கே வந்த மறுநாளிலிருந்து அழுகிறது என்றால், அங்கே என்ன நடக்கிறது என்று நான்தான் கேட்கவேண்டும். அத்தானுக்கு நாய் பிடிக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல.

பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் வைக்க வேண்டாம். எட்டு மணிக்கு வெளியே கூட்டிப் போய்ப் புல்லில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். இத்துடன் என் பழைய சட்டை ஒன்றைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன். துவைக்காதது. அதைச் சாக்கின் மேல் போடுங்கள், என் வாசனை இருந்தால் அடங்கிப் படுக்கும்.

இந்த விடுதியில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. தை மாதத்துக்குள் தனி வீடு கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டு நாய் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு நண்பர் வீட்டில் போட்ட குட்டி.

தங்கள் தம்பி
தம்பிராஜா


காஜா பேராங்
20.7.1957

தம்பிராஜாவுக்கு,

உன் சட்டையைப் போட்டேன். சட்டையும் நனைந்தது.

தண்ணீரை நிறுத்தினேன். புல்லில் கொண்டுபோய் அரை மணி நேரம் நிறுத்தினேன். கொசு என்னைத் தின்று தீர்த்தது. அது ஒன்றும் செய்யவில்லை. நான் ஏதோ சொல்லவேண்டும் என்பது போல என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே கொண்டுவந்து விட்டால் விடியும்போது பழைய கதைதான்.

நாயை விடு. உன் கடிதத்துக்கு வருகிறேன். புல்லில் நிறுத்துங்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு அடுத்த வரியை மை போட்டு அடித்திருக்கிறாய். சாதாரண அடி இல்லை. தாள் கிழிகிற அளவுக்குத் தேய்த்திருக்கிறாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், திருப்பி வைத்துப் பின்பக்கம் பார்த்தேன். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. என்னிடம் சொல்லக்கூடாத எதை எழுதிவிட்டு அழித்தாய்?

அப்புறம் அந்த நண்பர். நேற்றுச் சாயங்காலம் கழுத்தில் கயிறு கட்டி நடக்கக் கூட்டிப் போனேன். நான் எங்கே அதை நடத்தினேன், அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. நேரே கம்போங் செட்டிக்குள் புகுந்து, மூன்றாவது வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டது. மலாய்க்காரிகள் போல கெபாயாச் சட்டை போட்ட ஒரு பெண், கையில் தைக்கிற துணியோடு வெளியே வந்தாள். "கோப்பி" என்று குனிந்தவள், நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள்.

உன் நண்பர் கெபாயா போடுவார் என்று எழுதவில்லையே. என்னை என்ன இளிச்சவாய் என்று நினைத்தாயா? மலாய் பேசினாலும் அந்தச் செட்டிகள் நம் சாமி கும்பிடுகிற குடும்பங்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நாலு வார்த்தை தமிழ் வருமா? நம் அம்மா அப்பா இருந்திருந்தால் இதை நீ செய்வாயா?

பூங்காவனம்


கோத்தா பாரு
28.7.1957

அக்காவுக்கு,

அவள் பெயர் ருக்மணி. குட்டி அவள் வீட்டில் பிறந்ததுதான். நான் எடுத்து வரும்வரை ஏழு மாதம் அவள்தான் வளர்த்தாள். சொல்லாதது என் தப்பு. சொன்னால் நாயை வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள் என்று பயந்தேன். அடித்த வரி ஓர் எழுத்துப் பிழை. அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

நான் கேட்பதற்கு இப்போது பதில் எழுதுங்கள். கோப்பியின் இடது தொடையில் விரல் நீளத்துக்குத் தடிப்பு இருக்கிறது என்று எனக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். சாயங்காலம் உங்கள் வீட்டுப் பின்பக்கம் அது ஊளையிடும் சத்தம் கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். பெட்டிக்குள் படுத்திருக்கும் நாய்க்குத் தொடையில் தடிப்பு எப்படி வரும்? அத்தான் அடிக்கிறாரா? அக்கா, நெஞ்சில் கை வைத்து எழுதுங்கள்.

தம்பிராஜா


காஜா பேராங்
6.8.1957

தம்பிராஜாவுக்கு,

நெஞ்சில் கை வைத்தே எழுதுகிறேன். உன் அத்தான் அந்த நாயை இன்றுவரை ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை. போதுமா?

என் வீட்டைச் சுற்றி ஒற்றன் வைத்திருக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை. சமையல்கட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு வந்தாள் உன் ருக்மணி. வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இடுக்கு வழியாக வாழை இலைத் துண்டில் பொரித்த மீனைத் தள்ளினாள். பிறகு அதனிடம் ஏதோ மலாயில் முணுமுணுத்தாள். நான் வெளியே வருவதற்குள் போய்விட்டாள். மீனை எடுத்துச் சாக்கடையில் எறிந்தேன். அதில் என்ன வைத்திருந்தாளோ யார் கண்டது?

அன்றைக்குக் கஞ்சி வைத்த பிறகு உடனே திரும்பிவிடாமல் நின்று பார்த்தேன். கிண்ணத்தை உள்ளே நகர்த்தி, "இந்தா, கஞ்சி, கஞ்சி குடி" என்றேன். குடிக்கவில்லை. பின்காலை மடக்கி உட்கார்ந்தது, சாக்கின் மேலேயே போய்விட்டது. தூக்கத்தில் தெரியாமல் போவது என்று நீயும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதெல்லாம் இல்லை. நன்றாக விழித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகிறது. முடித்துவிட்டு வாலை வேறு ஆட்டுகிறது. பிறகு அந்த ஈரத்திலேயே நின்று ராத்திரி முழுக்க அழுகிறது.

இது நோய் இல்லை, திமிர். யாரோ பழக்கிவிட்ட திமிர். என்னைப் பிடிக்காதவள் ஒருத்தி வேலியோரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த வேலை. வேறு எப்படி நான் நினைப்பது?

இன்னொன்றும் கேட்கிறேன். நாயை வளர்த்தவள் பத்து வீடு தள்ளி இருக்கும்போது, அங்கே விடாமல் என் வீட்டில் ஏன் விட்டாய்?

பூங்காவனம்


கோத்தா பாரு
14.8.1957

அக்காவுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன். வேண்டுமென்றேதான் உங்கள் வீட்டில் விட்டேன். நாயைப் பார்க்க ருக்மணி வருவாள், நீங்கள் அவளோடு பேசுவீர்கள், பேசிப் பழகினால் தை மாதம் எனக்காக நீங்களே பெண் கேட்கப் போவீர்கள் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் வராமல் நான் யாரை அழைத்துக்கொண்டு போய்க் கேட்பது? உங்கள் சந்தேகம் சரிதான். என் கணக்குத்தான் தப்பு. அவள் உங்கள் வாசலுக்கு வரவே பயந்து வேலிக்குப் பின்னால் நிற்கிறாள்.

நாயை அவளிடம் கொடுத்துவிடுங்கள் என்று எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அக்கா வீட்டிலிருந்து நாய் திரும்பி வந்தால், அந்த வீட்டுப் பெண் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள் என்றுதான் அவள் அப்பா எடுத்துக்கொள்வார்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அத்தான் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். யாருமே தொடவில்லை என்று நீங்கள் எழுதவில்லை.

தம்பிராஜா


காஜா பேராங்
2.9.1957

தம்பிராஜாவுக்கு,

தேசத்துக்குச் சுதந்திரம், எனக்கு நாய் மூத்திரம். முப்பதாம் தேதி சாயங்காலம் ஊரே சட்டை மாற்றிக்கொண்டு பாடாங் மைதானத்துக்குக் கிளம்பியது. அத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நான் போகவில்லை. பட்டாசு வெடித்தால் இது பலகையை உடைத்துவிடும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்வாசலில் யாரோ செருமினார்கள். பார்த்தால் அவள். நல்ல சாரோங், தலையில் பூ. பாடாங்குக்குப் போகிற வழியில் வந்திருக்கிறாள். பட்டாசுக்குக் கோப்பி பயப்படும், கொஞ்ச நேரம் கூட உட்காரட்டுமா என்று மலாயில் கேட்டாள். "வேவு பாக்க வந்தியா, நல்லதுக்கு வந்தியா?" என்று தமிழில் கேட்டேன். புரிந்ததோ இல்லையோ, தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே வரச் சொன்னேன். அவள் கண்ணெதிரிலேயே நாயின் யோக்கியதையைக் காட்டிவிடலாம் என்று எனக்கு ஒரு வேகம்.

பெட்டி முன்னால் நிறுத்தி, கிண்ணத்தை வைத்து, "கஞ்சி, கஞ்சி" என்றேன். உடனே உட்கார்ந்து போனது. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"அக்கா, ஜாங்கான் சாக்காப் லாகி" என்றாள். என் வீட்டில் நின்றுகொண்டு எனக்கே, இனிமேல் அப்படிச் சொல்லாதே என்கிறாள். ஏன் சொல்லக்கூடாது என்று அதட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். குட்டியாக இருந்தபோது தினமும் சாயங்காலம் ரம்புத்தான் மரத்தடிக்குத் தூக்கிப் போய், "கெஞ்சிங், கெஞ்சிங்" என்று சொல்லி அதைப் பழக்கியிருக்கிறாள். மலாயில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனதும் "பண்டாய்" என்று தலையில் தட்டிக்கொடுப்பாளாம், கெட்டிக்காரன் என்று. அந்தச் சொல் காதில் விழாமல் அது எங்கேயும் போகாதாம். விழுந்துவிட்டால் இருந்த இடத்திலேயே போய்விடுமாம்.

இரண்டு மாதமாகத் தினம் பொழுது சாய்ந்ததும் பெட்டிக்குள் தலையை விட்டு நான் சொன்ன கஞ்சி, அந்த நாயின் காதில் என்னவாக விழுந்திருக்கிறது பார்.

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று இப்போது எழுதமாட்டேன்.

நீ அடித்த வரி அதுதானே? ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சொல்லை அக்காவுக்கு எழுத உனக்கு என்னடா கூச்சம்? நான் மூத்திரம் மூத்திரம் என்று எழுதித் தள்ளுகிறேன், எனக்கு இல்லாத வெட்கமா?

பூங்காவனம்


கோத்தா பாரு
10.9.1957

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த வரி அதுதான். புல்லில் நிறுத்தி அந்தச் சொல்லைச் சொல்லுங்கள் என்று முழுசாக எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். அதை யார் பழக்கினார்கள் என்று கேட்பீர்கள், ஒரு பொண்ணு வாயில இந்தப் பேச்சா என்பீர்கள், பார்க்காமலே அவளை வெறுத்துவிடுவீர்கள் என்று தோன்றியது. அழித்துவிட்டேன். நல்ல பெயர் வாங்கித் தர நினைத்து, சூனியக்காரி என்ற பெயரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் கஞ்சி என்று எழுதியிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. படித்தேனே ஒழிய காதால் கேட்கவில்லை.

பெட்டிக் கதவைப் பற்றியும் நான் எழுதியிருக்க வேண்டும். என் அறையில் அதற்குக் கொக்கி மாட்டியதே இல்லை. கொக்கி பஸ் பிரயாணத்துக்காக வைத்தது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இவ்வளவு விவரமாக எழுதியவர், அதன் பிறகு சாக்கு காய்ந்ததா என்று எழுதவில்லையே.

தம்பிராஜா


காஜா பேராங்
26.9.1957

தம்பிராஜாவுக்கு,

காயவில்லை.

கஞ்சி என்ற சொல்லையே இந்த வீட்டில் நிறுத்திவிட்டேன். அத்தானுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட, "சோத்துத் தண்ணி வேணுமா?" என்றுதான் கேட்டேன். கொக்கியைக் கழற்றி எறிந்தேன். பெட்டியைத் தூக்கி வந்து எங்கள் அறை வாசலில் வைத்தேன். சாயங்காலம் ருக்மணி வந்து புல்லில் நிறுத்தி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் சாக்கு விரித்தால் அழாமல் படுக்கிறது. அத்தான் விரித்தாலும் படுக்கிறது. நான் விரிக்கக் குனிந்தால், பெட்டியின் கடைசி மூலைக்குப் போய்ச் சுருண்டு, படுத்தபடியே போய்விடுகிறது. நான் வாயே திறக்கவில்லை. கையைத்தான் நீட்டினேன்.

உன் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். அடித்தது நான். அத்தான் இல்லாத நேரத்தில், ரோத்தான் பிரம்பால். எண்ணவில்லை என்று எழுதலாம். எண்ணினேன், எட்டு நாள். உன் மேல் இருந்த கோபம், கெபாயா போட்ட அந்தப் பெண் மேல் இருந்த கோபம், தெருவில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டவர்கள் மேல் இருந்த கோபம், எல்லாம் சேர்ந்து அதன் முதுகில் இறங்கியது.

முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது என்று எழுதினேனே, திமிர் என்று எழுதினேனே. சொன்னதைச் செய்துவிட்டுத் தட்டிக்கொடுப்பாள் என்று பார்த்திருக்கிறது, தம்பி. நான் பிரம்பை எடுத்திருக்கிறேன். ருக்மணி பண்டாய் என்று சொன்ன அந்த நிமிஷம் எனக்கு இது புரிந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை.

பிரம்பை அடுப்பில் வைத்துவிட்டேன். அதனால் என்ன ஆகப் போகிறது? தீபாவளிக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை. அத்தான் தினம் காலையில் சாக்கைத் தொட்டுப் பார்த்து நாள்காட்டியில் குறி போடுகிறார். லோரியில் ஏற்றியே விடுவார் போலிருக்கிறது. ருக்மணி வீட்டிலேயே விட்டுவிடவா? அவள் அப்பாவிடம் நானே போய்க் காலில் விழாத குறையாகச் சொல்கிறேன், உங்கள் பெண் மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் அக்கா


கோத்தா பாரு
5.10.1957

அக்காவுக்கு,

கடிதம் வந்து மூன்று நாள் பதில் எழுத முடியவில்லை. எழுதியதை இரண்டு முறை கிழித்தேன். எட்டு நாள் என்று படித்ததும் உங்களை வாய்க்கு வந்தபடி எழுதினேன். அதை அனுப்பவில்லை. ஆனால் எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

நாயைக் கொடுக்க வேண்டாம். அங்கே விட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்களைப் பற்றி அது நினைத்துக்கொண்டிருப்பது சாகும்வரை மாறாது. நீங்களும் தெருவில் அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு போவீர்கள். அந்த வீட்டில் நான் பெண் எடுத்தால் எத்தனை முறை திருப்புவீர்கள்?

அதைத் தூக்காதீர்கள், கூப்பிடாதீர்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதாவது வேலை செய்யுங்கள். ஒரு கையைத் தரையில் வைத்திருங்கள். அதுவாக வரட்டும். வராவிட்டால் மறுநாளும் உட்காருங்கள்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. போனதும் எழுதுகிறேன்.

தம்பிராஜா


காஜா பேராங்
23.10.1957

தம்பிராஜாவுக்கு,

நேற்று தீபாவளி. நல்லபடியாக முடிந்தது என்று சொல்லத்தான் பார்க்கிறேன், முழுசாகக் கேள்.

நீ எழுதியபடியே உட்கார்ந்தேன். முதல் நாள் பயற்றங்காய் நறுக்கினேன். இரண்டாம் நாள் அரிசியில் கல் பொறுக்கினேன். மூன்றாம் நாள் வேலை ஒன்றும் கிடைக்காமல் கல் இல்லாத அரிசியையே மறுபடி பொறுக்கினேன். முதுகுக்குப் பின்னால் மூச்சு மட்டும் கேட்கும். ஐந்தாம் நாள் விரல் நுனியில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. திரும்பிப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அதற்கப்புறம் ஒன்பது நாள் சாக்கு காய்ந்திருந்தது. அத்தான் ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார், ராத்திரியோடு ராத்திரியாக நான் சாக்கை மாற்றிவிடுகிறேனோ என்று. கஸ்டம்ஸ் கண் அப்படித்தான் பார்க்கும். "தீபாவளியன்னைக்கும் காஞ்சிருந்தா நம்ம வீட்டு நாய்" என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்.

நேற்றுக் காலை சாக்கு காய்ந்துதான் இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச் சேலை கட்டி, கூடத்தில் தரையில் உட்கார்ந்து பலகாரத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ருக்மணி ஒரு பாத்திரத்தில் அவர்கள் வீட்டுப் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். கோப்பி நடுக்கூடத்தில் படுத்திருந்தது. அப்போது எதிர்வீட்டில் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள்.

நாய் துள்ளி எழுந்தது. ருக்மணி பாத்திரத்தை வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டி, "கோப்பி, கோப்பி" என்று கூப்பிட்டாள். வளர்த்தவள் அவள். அவளிடம்தான் போகும் என்று நானும் நினைத்தேன். அவளைத் தாண்டி ஓடிவந்து, என் மடியில் ஏறி, முந்தானைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. உடம்பு முழுக்க நடுக்கம். மடி வெதுவெதுப்பாக நனைந்தது. புதுச் சேலை முழுவதும் போய்விட்டது.

என் கை தானாக அதன் முதுகின் மேல் போனது. அடித்த முதுகு. அது விலகவில்லை. வெடி ஓய்கிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் அடங்கியதும் அத்தான் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். தரையைப் பார்த்தார். என் சேலையைப் பார்த்தார்.

"என்ன இது ஈரம்?" என்றார்.

"தண்ணிச் செம்பைத் தட்டிவிட்டுட்டேன்" என்றேன்.

"செம்பு எங்க?"

பதினாலு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய், அதையும் உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை. நாய் மடியில் இருக்கிறது, லோரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரோ என்று முந்தானையை இழுத்து அதை மூடினேன். அப்போது பக்கத்திலிருந்து ருக்மணி பேசினாள். தமிழில்.

"தண்ணிதான், அத்தான். செம்பு நான் உள்ள வெச்சாச்சு."

அத்தான் அவளையே பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மடியில் கிடந்த நாயைப் பார்த்தார். "தண்ணின்னா துடைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போய்விட்டார். நாள்காட்டியில் நேற்றைய தேதிக்கும் காய்ந்தது என்றுதான் குறி போட்டிருக்கிறார்.

நீ தை மாதத்துக்கு லீவு எழுதிப் போடு. பெண் கேட்க நான் போகிறேன். நீ அவளிடம் பேசும்போதெல்லாம் என்னை அக்கா என்றிருப்பாய், இவரை அத்தான் என்றிருப்பாய், அதையே கேட்டுக் கேட்டு அவளும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு வாக்கப்பட்டு வரப்போகிறவள் இவரை அண்ணன் என்றல்லவா கூப்பிட வேண்டும்? கல்யாணத்துக்குள் அதை நான் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.

உன் அக்கா
பூங்காவனம்